களிமண் தின்ற பதினோரு லோடு

பஞ்சாயத்து ரோட்டிலிருந்து எங்கள் வீட்டு வாசல்வரை 600 அடி. தாத்தா காலத்தில் அது வண்டிப்பாதை. அப்பா காலத்தில் கொஞ்சம் அகலமான வரப்பு. நான் கார் வாங்கி, நிலத்திலேயே வீடும் கட்டிக் குடிவந்த பிறகுதான் அது ஒரு தலைவலி ஆனது. நெல்லிக்குப்பம் பக்கம், தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவில் இருக்கிற வண்டல் பூமி. வழிக்கு இந்தப் பக்கம் எங்கள் கரும்பு, அந்தப் பக்கம் சித்தப்பாவின் நெல். பயிருக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது, ரோடு போட இதைவிட மோசமான மண்ணும் கிடைக்காது. இந்த இரண்டாவது விஷயத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷமும் பதினோரு லோடும் ஆனது.

2023 சித்திரையில் முதல் தடவை போட்டேன். அப்போது என் யோசனையெல்லாம் மேலே எதைக் கொட்டலாம் என்பதில்தான். கடலூரில் பழைய வீடு இடித்த ரப்பீஸ் மலிவாகக் கிடைத்தது, ஏழு டிராக்டர் அடித்துப் பள்ளங்களை மூடினேன். அதன்மேல் நாலு லாரி ஒன்றரை ஜல்லி, அதாவது 40 எம்எம். ஜேசிபி பக்கெட்டை வைத்து நிரவி, அதே வண்டியை நாலு தடவை மேலே ஓட்டி, ‘ரோடு ரெடி சார்’ என்றார் ஆபரேட்டர். கருநீலமாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. போட்டோகூட எடுத்தேன்.

ஒரு மாதத்தில் பைக் டயர் மூன்று தடவை பஞ்சர். ரப்பீஸில் இருந்த ஆணிகள் ஜல்லிக்கு நடுவில் நிமிர்ந்து நின்றன. ஜல்லியோ ஒரே அளவு என்பதால் ஒன்றோடொன்று பிடிக்காமல் உருண்டது, மாமியார் ஆட்டோவை விட்டு ரோட்டிலேயே இறங்கி வயல் வரப்பில் நடந்து வந்தார், அது அவருக்கு வசதியாக இருந்ததாம். முதல் மழைக்காலத்தில் சக்கரத் தடத்தில் ஜல்லி குறைந்தது. சரி, பக்கத்தில் ஒதுங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஒதுங்கவில்லை, கீழே போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டிய மழை எங்களையும் விடவில்லை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரையை மீறியது. எங்கள் வழியில் நாலு நாள் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் ஜல்லியைக் காணோம். நடு வழியில் கடப்பாறையால் குத்திப் பார்த்தேன், ஒன்றரை அடி ஆழத்தில் ‘ணங்’ என்றது. அதற்கு மேலே முழுக்கக் கருஞ்சேறு. சேற்றுக்கு மேலே ரோஜாப்பூ போட்ட இளஞ்சிவப்பு டைல்ஸ் துண்டு ஒன்று மட்டும் மிதப்பதுபோல் கிடந்தது, யார் வீட்டுக் குளியலறையோ.

சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “களிமண்ணு மேல கல்லக் கொட்டுனா அது தின்னுடும்டா. எத்தினி லோடு போட்டாலும் தின்னும்.” முன்னாடியே சொல்லியிருக்கலாமே சித்தப்பா என்றால், “நீ கேட்டியா?” என்கிறார். நியாயம்தான்.

அவர் சொன்னதைத்தான் பொறியாளர்கள் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். ஈரக் களிமண்ணின்மேல் பாரம் வரும்போது கல் கீழே அமுங்கும், களி கல்லுக்கு இடையில் இருக்கிற சந்து வழியாக மேலே ஏறும். சந்து பெரிதாக இருந்தால் இன்னும் வசதி. நான் போட்ட ஒன்றரை ஜல்லியில் தூளே கிடையாது, எல்லாம் சந்துதான். கோடையில் எங்கள் நிலம் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். அப்படி மூச்சுவிடுகிற மண்ணின்மேல் எதைப் போட்டாலும் அதுவும் சேர்ந்து ஆடும்.

இரண்டாவது தடவை இறங்குவதற்கு முன்னால் செய்த முதல் வேலை மண்ணைப் பார்ப்பது. பெரிய ஆய்வெல்லாம் இல்லை. நூறு அடிக்கு ஒரு குழி, இரண்டடி ஆழம். ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு பிடி மண்ணை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். மணல் உடனே அடியில் இறங்கிவிடும், வண்டல் சில மணி நேரத்தில், களி மறுநாள் வரைக்கும் தண்ணீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். ஆறு பாட்டிலில் வீட்டுப் பக்கத்து இரண்டில் பாதிக்குமேல் மணல், பழைய ஆற்றுப் படுகையாக இருந்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு மகா மோசம். ஆக, 600 அடிக்கும் ஒரே வைத்தியம் தேவையில்லை, நடுவில் இருக்கிற 150 அடிதான் நோயாளி. இது தெரிந்ததில் மிச்சமான பணம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அடுத்த கேள்வி, இந்த வழியில் என்ன வண்டி வரும்? நான் முதலில் என் காரை நினைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தேன். காரின் ஓர் அச்சில் இறங்குவது முக்கால் டன் இருந்தால் அதிகம். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டி வரும், செப்டிக் டேங்க் லாரி வரும், எப்போதாவது போர் போடுகிற வண்டி வரும். ஏற்றிய லாரியின் பின் அச்சு பத்து டன்னை நெருங்கும். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, லாரிகளை ஓட்டியே உடைத்துப் பார்த்தார்கள். அச்சு எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஆகும் சேதம் சுமார் பதினாறு மடங்கு என்று அதில் தெரிந்தது. தார் ரோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் எடுத்த கணக்கு அது, மண் வழிக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும், ஒரு கரும்பு லோடு பல ஆயிரம் தடவை என் கார் போய் வருவதற்குச் சமம் என்று புரிய அது போதும். அதனால் காரை மறந்துவிட்டுக் கரும்பு வண்டிக்குத்தான் ரோடு போட வேண்டும்.

இனி பொருள். எங்கள் பக்கத்தில் கிடைப்பது ஒவ்வொன்றையும் யாராவது ஒரு சொந்தக்காரர் சிபாரிசு செய்தார்.

செம்மண் கிராவல்தான் இங்கே மலிவு. கேப்பர் மலையிலிருந்து பண்ருட்டி வரைக்கும், முந்திரியும் பலாவும் நிற்கிற மேட்டு நிலமெல்லாம் செம்மண்தான், அதனால் லாரி தூரம் குறைவு. நல்ல கிராவல் என்றால் சிறு சரளையும் கொஞ்சம் களியும் கலந்து இருக்கும், தண்ணீர் தெளித்து ரோலர் விட்டால் ஓடு மாதிரி இறுகும். சரளை இல்லாமல் வெறும் செம்மண் வந்தால் மழையில் வழுக்கும், வெயிலில் பறக்கும். ஆரோவில் பக்கம் பங்குனி மாதத்தில் பைக்கில் போய் வந்தவர்களுக்கு அந்தத் தூசி தெரியும், வெள்ளைச் சட்டை அன்றோடு காவிச் சட்டை. லாரி வந்ததும் ஒரு பிடி எடுத்து வாளித் தண்ணீரில் கழுவிப் பார்க்கச் சொல்வேன், கையில் சரளை பாதியாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அதைத் தோட்டத்துக்குத்தான் போடலாம்.

கிரஷர் டஸ்ட், அதாவது ஜல்லி உடைக்கும்போது விழும் கல்தூள், மட்டும் போட்டால் போதும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். போட்ட அன்று சிமெண்ட் தரை மாதிரி இருக்கும், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் பசையே கிடையாது. தனியாக நின்றால் ஒரு கார்த்திகை மழைக்குத் தாங்காது.

தார் என்பது எங்கள் ஊரில் கௌரவம். “தார் போட்டுடு, ஒரேடியா முடிஞ்சுது” என்றார் மச்சான். ஒரேடியாக முடிந்துதான் போகும். தாருக்குத் தண்ணீர் ஆகாது, தேங்கினால் கல்லை விட்டுவிடும். அடித்தளம் ஆடினால் முதல் வருஷமே பாளம் பாளமாக விரியும். தவிர, 600 அடிக்காக மிக்ஸிங் பிளாண்டிலிருந்து சுடச்சுடக் கொண்டுவந்து, சூடு ஆறுவதற்குள் பரப்பி ரோலர் விட யாரும் வர மாட்டார்கள். வந்தால் பக்கத்தில் எங்கேயோ வேலை முடிந்து மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

பேவர் பிளாக் எனக்கே ஆசைதான். 60 எம்எம் கனம் என்றால் கார், பைக்குக்குப் போதும். லாரி வந்தால் 80 எம்எம் வேண்டும். அதற்கும் கீழே இறுகிய படுகையும், இரண்டு ஓரத்திலும் கட்டுக்கல்லும் இருந்தாக வேண்டும், ஓரம் கட்டாமல் விட்டால் கல் ஒவ்வொன்றாக வயலுக்குள் நடந்துபோய்விடும். களிமண் உப்பும் இடத்தில் பேவர் போட்டவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்தேன், கடல் அலை மாதிரி இருந்தது. கான்கிரீட்டும் இதே கதைதான், காசும் கூடுதல், உப்புகிற மண்ணில் விரிசல் உறுதி. அதை வேறு இடத்துக்கு வைத்துக்கொண்டேன், பின்னால் வருகிறேன்.

கடைசியில் எனக்குச் சரி என்று பட்டது பழைய கப்பி ரோடுதான், புதுப் பெயரில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம் சொன்ன சங்கதி எளிமையானது: பாரத்தைத் தாங்குவது கீழே இருக்கிற மண்தான், அது காய்ந்து இருந்தால் போதும். மேலே போடுகிற உடைகல் சிறியதாகவும் கூர்முனையோடும் இருந்தால், வண்டி ஓட ஓட ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஆற்றுக் கூழாங்கல் இதற்கு உதவாது, உருண்டை உருண்டையோடு எப்படிக் கவ்வும்? இன்றைக்கு அதே வேலையை வெட்மிக்ஸ் செய்கிறது. 40 எம்எம் கல்லிலிருந்து தூள்வரை எல்லா அளவும் கணக்காகக் கலந்து, பிளாண்டிலேயே தண்ணீர் சேர்த்து வரும். பெரிய கல்லின் சந்தில் சின்னது, சின்னதின் சந்தில் தூள். நான் முதல் தடவை விட்ட தப்பும் இதுதான், சந்தை அடைக்க எதுவுமே போடவில்லை.

சேர்ந்த திட்டம் இப்படி. நோயாளி 150 அடியில் ஒரு அடி ஆழத்துக்குச் சேற்றை வெட்டி எடுத்து, கருங்கல் சக்கையால் நிரப்புவது. மற்ற இடத்தில் மேல்மண்ணை மட்டும் சுரண்டுவது, புல் வேர் மக்கும்போது பள்ளமாகும். அதன்மேல் முழு நீளத்துக்கும் ஜிஎஸ்பி, அதாவது ரோட்டின் அடித்தளத்துக்குப் போடும் கல் கலவை, ஆறு அங்குலம், அதன்மேல் வெட்மிக்ஸ் நாலு அங்குலம், மேலே மெல்லிசாகக் கிராவல் தூவித் தண்ணீர் விட்டு ரோலர். கிராவலில் இருக்கிற களி அங்கேதான் பசையாக உதவும். அதே களி அடியில் எதிரி, மேலே சிட்டிகை அளவில் மருந்து.

கணக்கு: 600 அடி நீளம், 10 அடி அகலம், அரை அடி கனம் என்றால் 3000 கனஅடி, அதாவது 30 யூனிட். ஆனால் லாரியில் வருவது உதிரி, ரோலர் விட்டால் கால்வாசி அமுங்கும். அதனால் ஜிஎஸ்பிக்கு 40 யூனிட் சொல்ல வேண்டும். வெட்மிக்ஸ் 20 யூனிட் கனத்துக்கு 27. விலையை எழுதிப் பயனில்லை, டீசல் விலையோடும் குவாரி நிலவரத்தோடும் மாறிக்கொண்டே இருக்கும். நம் பக்கத்துக் கருங்கல்லில் நிறைய திருவக்கரை, வானூர் வட்டாரத்திலிருந்து வருகிறது, அதனால் கல்லின் விலையைவிட லாரி வாடகையைத்தான் பேரம் பேச வேண்டும்.

இன்னொன்று, டேப் கையில் இருக்கட்டும். மூன்று யூனிட் என்று பில் போட்டு வந்த முதல் டிப்பரின் உள்ளளவை எடுத்தேன். நீளம் 12, அகலம் 7, உயரம் 3. பெருக்கினால் 252 கனஅடி, இரண்டரை யூனிட். டிரைவரிடம் கேட்டால் “மேல குமிச்சிருக்குல்ல சார்” என்றார். குமித்தது அரை யூனிட்டா? சப்ளை செய்தவரிடம் போனில் சண்டை போட்டு, அடுத்த லோடிலிருந்து இரண்டரைக்குத்தான் காசு கொடுத்தேன். அந்த டிரைவருக்கு இன்னும் என்மேல் கோபம்.

களிமண்ணுக்கும் கல்லுக்கும் நடுவில் துணி விரிப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜியோடெக்ஸ்டைல் என்பது தண்ணீரை விடும், சேற்றை விடாது. சிமெண்ட் மூட்டைச் சாக்கைப் பிரித்துப் போடலாமா, பழைய தார்ப்பாய் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சாக்கு கிழியும், தார்ப்பாய் தண்ணீரைப் பிடித்து வைத்து அடியிலேயே குளம் கட்டும். தென்னை நாரிலும் இந்தத் துணி வருகிறது, பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் 2020 முதல் அதற்கு அனுமதி உண்டு. நார் சில வருஷத்தில் மக்கிவிடும்தான், அதற்குள் மேலே இருக்கிற அடுக்குகள் இறுகிவிடும் என்பது கணக்கு. எனக்குச் செயற்கைத் துணிதான் கிடைத்தது, அதையும் அந்த 150 அடிக்கு மட்டுமே போட்டேன். தாத்தா சேற்றில் மாட்டுவண்டி இறங்கும் இடத்தில் கரும்புச் சோகையை அடுக்குவார். அதற்கும் இதே வேலைதான் என்று இப்போது தோன்றுகிறது.

பொருளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது தண்ணீர்தான். வழியை வயல் மட்டத்திலிருந்து ஒரு அடி உயர்த்தினால் அது அணையாகிவிடும். மேற்கே என் கரும்புத் தண்ணீர் கிழக்கே சித்தப்பா வயல் வழியாகத்தான் வடிவாய்க்காலுக்குப் போகும். அடைத்தால் என் பயிர் அழுகும். ஒரே இடத்தில் திறந்துவிட்டால் அவர் நாற்று போகும். முன்பு நடுவில் இரண்டு பனந்துண்டைப் போட்டு அடியில் தண்ணீர் போக விட்டிருந்தார்கள். இப்போது இரண்டு இடத்தில் ஒன்றரை அடி விட்டத்தில் ஹியூம் பைப், அதாவது கான்கிரீட் குழாய், பதித்தேன், எங்கே பதிப்பது என்பதை நானாக முடிவு செய்யாமல் சித்தப்பாவையே குச்சி நடச் சொன்னேன். அவர் நட்ட இடமும் பாட்டிலில் மோசமாக இருந்த குழியும் பத்தடி வித்தியாசத்தில் இருந்தன. பைப்புக்கு மேலே குறைந்தது ஒன்றரை அடி மண்ணும் கல்லும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரும்பு வண்டி பைப்பை நொறுக்கிவிடும். அந்த இரண்டு இடத்திலும் வழி கொஞ்சம் மேடாக ஏறி இறங்குகிறது, பரவாயில்லை.

வழியின் நடு முதுகு உயர்ந்து, ஓரம் இரண்டும் சரிய வேண்டும். நூற்றுக்கு நாலு என்று வைத்துக்கொண்டால், 10 அடி அகலத்தில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இரண்டரை அங்குலம் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது. ஜேசிபி தம்பிக்கும் தெரியவில்லை, சமமாக நிரவுவதுதான் நல்ல வேலை என்பது அவர் கட்சி. நூல் கட்டி, செங்கல் வைத்து அளந்து காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். ஓரத்தில் இரண்டு பக்கமும் ஒரு அடி வாய்க்கால், சரிவில் வெட்டிவேர். கடலூர் கடற்கரை ஊர்களில் வெட்டிவேரைப் பயிராகவே வைப்பார்கள், நாற்றுக்குப் பஞ்சமில்லை. ஆளுயரத்தையும் தாண்டி ஆழத்துக்கு நேராக இறங்குகிற வேர், பக்கத்தில் பரவிப் பயிரைக் கெடுக்காது.

ரோலரை வைகாசியில்தான் பிடித்தேன், நிலம் காய்ந்து கட்டியாக இருக்கும்போது. வைப்ரேட்டர் ரோலர், ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியாக. முதல் நாள் அவசரத்தில் ஜிஎஸ்பி முழுவதையும் காய்ந்தபடியே உருட்டிவிட்டார்கள், மறுநாள் கையாலேயே கிளற வந்தது. திரும்பத் தண்ணீர் டிராக்டர் வைத்து நனைத்து உருட்ட வேண்டியதாயிற்று. ஈரம் எவ்வளவு என்பதற்கு மேஸ்திரி சொன்ன வழி: தூளோடு ஒரு பிடி எடுத்து இறுக்கு, உருண்டை நிற்க வேண்டும். கையில் தண்ணீர் ஒழுகினால் அதிகம், உருண்டையே பிடிக்காவிட்டால் போதாது. வெட்மிக்ஸை வந்த அன்றே பரப்பிவிட வேண்டும். ஒரு லோடு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து வெயிலில் காய்ந்தது. அந்த 40 அடி இன்றைக்கும் மற்ற இடம்போல இல்லை, எனக்கு மட்டும் தெரியும்.

போன ஐப்பசி, கார்த்திகையைப் பார்த்துவிட்டேன். நடு 150 அடி அசையவில்லை. கரும்பு வண்டி போய் வந்தது, தடம் அரை அங்குலம்கூட இல்லை. கெட்டுப்போனது கேட் பக்கத்துத் திருப்பம். அங்கே டிராக்டர் நின்று ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன்சக்கரம் கல்லைப் பறித்துப் போடுகிறது, எவ்வளவு நல்ல கப்பியானாலும் அந்த முறுக்கலுக்கு நிற்காது. கான்கிரீட்டை அங்கேதான் போட்டேன், 25 அடிக்கு மட்டும், மணல் மண் பக்கம் என்பதால் தைரியமாக. எட்டு அங்குலத்துக்குக் கம்பி கட்டி, ஆறு அங்குல கனம், பத்தடிக்கு ஒரு வெட்டு, ஏழு நாள் பாத்தி கட்டித் தண்ணீர்.

மாசி பிறந்தால் தூசி உண்டு, கிராவல் போட்டால் அது கூடவே வரும். வாசல் பக்கத்து 50 அடிக்கு மட்டும் சாயங்காலம் தண்ணீர் தெளிக்கிறோம். ஒரு யூனிட் வெட்மிக்ஸை மிச்சம் பிடித்து வேப்பமரத்தடியில் குவித்து வைத்திருக்கிறேன், பள்ளம் விழுந்தால் அன்றே நனைத்து அடைக்க. சித்தப்பா அதில் பாதியைத் தன் களத்துமேட்டு வழிக்குக் கேட்கிறார். அடியில் என்ன மண் என்று பாட்டிலில் குலுக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.